நந்திக்கடல்: முகத்துவாரம் திறக்கும் காலமும் பறவைகள் வரும் காலமும்

கார்த்திகை மாதக் கடைசியில் முல்லைத்தீவில் ஒரு பழைய வாக்குவாதம் மறுபடி தொடங்கும். வட்டுவாகல் முகத்துவாரத்தை இப்போதே வெட்டிவிடுவதா, இன்னும் சில நாட்கள் பொறுப்பதா என்பதுதான் அது. மழை விடாமல் பெய்து நந்திக்கடல் நிரம்பிவிட்டால், கரையோரத் தாழ்ந்த வயல்காரர்கள் வெட்டச் சொல்வார்கள். பயிர் நீருக்குள் நின்றால் அழுகிவிடும். கடற்றொழிலாளர்கள் பொறுக்கச் சொல்வார்கள். மாவட்ட செயலகம், பிரதேச செயலகம், சங்கங்கள் எல்லாம் கூடிப் பேசுவார்கள். சில வருடங்களில் அவர்கள் பேசி முடிப்பதற்குள் தண்ணீரே மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு சிறிய நிர்வாகப் பிரச்சினை. வெள்ளத்தை எப்படி வடிப்பது என்ற கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்த மணல் திட்டு எந்த நாளில் திறக்கிறது, எந்த நாளில் மூடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நந்திக்கடலின் அடுத்த ஒரு வருடம் அமைகிறது. இறால் எவ்வளவு படும், வயலில் எவ்வளவு விளையும், எந்தப் பறவை எந்தக் கரையில் எத்தனை வாரம் தங்கும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. 2017 ஜனவரியில் இந்த நீரேரி ஓர் இயற்கை ஒதுக்காக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பையும் அதைச் சுற்றி இன்றுவரை இருக்கும் சந்தேகத்தையும் விளங்கிக்கொள்வதற்கு முதலில் இந்த வாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தை மாதத்தில் நான்கு நாட்கள் வட்டுவாகலிலும் வற்றாப்பளைப் பக்கமும் தங்கியிருந்தேன்.

நந்திக்கடலைப் பெயரில் கடல் என்றாலும் அது ஒரு நீரேரி. பேராறும் சில சிற்றாறுகளும் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கே கடல். இரண்டுக்கும் இடையில் ஓர் ஒடுங்கிய மணல் வரம்பு. மழைக்காலத்தில் உள்ளே நீர்மட்டம் கடலைவிட உயர்ந்துவிடும். அப்போது வரம்பைத் திறந்தால் உள்நீர் பெரும் வேகத்தோடு வெளியே பாயும். அந்த வேகம்தான் வாயை ஆழமாக அறுக்கிறது. ஆழமாக அறுத்தால் வாய் கன வாரங்களுக்குத் திறந்திருக்கும், கடல்நீர் உள்ளே வந்து போகும். நீர் போதிய அளவு சேராமல் அவசரப்பட்டு வெட்டினால் பாய்ச்சல் மெலிதாக இருக்கும், அலை சில நாட்களிலேயே மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும்.

"வயல்காரனுக்குத் தண்ணி போனாக் காணும். எங்களுக்குத் தண்ணி போறது மட்டும் காணாது பிள்ளை, திரும்பி வரவும் வேணும்" என்றார் வட்டுவாகலில் நாற்பது வருடமாகத் தொழில் செய்யும் ஒரு ஐயா. நான் பல்கலைக்கழகத்தில் படித்த எந்தச் சூழலியல் விரிவுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் திரும்பி வர வேண்டும் என்று சொன்னது நீரை மட்டுமல்ல. இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பருவத்தில், நீரோட்டத்தோடு முகத்துவாரத்தால் நீரேரிக்குள் வருகின்றன. கண்டல் வேர்களுக்கு இடையிலும் நீர்ப்புற்களுக்கு இடையிலும் சில மாதங்கள் ஒளிந்து வளர்ந்து, முதிரும் தறுவாயில் மறுபடி கடலுக்குப் போக முயலும். அந்தப் பயணத்தில்தான் வலையில் படும். வாய் திறக்காத வருடத்தில் குஞ்சு உள்ளே வராது. பிழையான நாளில் திறந்தால் உள்ளே பாதி வளர்ந்து நிற்பதெல்லாம் வெள்ளத்தோடு வெளியே போய்விடும். மணலை, திரளி போன்ற மீன்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுக்க முடியாது, சிறிய படகுகள் பல நாட்கள் கரையில்தான் கிடக்கும். கடல் கைவிடும் அந்த மாதங்களில்தான் நீரேரி சோறு போடுகிறது. படகும் இயந்திரமும் இல்லாதவர்களுக்கும் அது இடம் கொடுக்கிறது. ஒரு வீச்சுவலை இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு கைகள். கழுத்தில் பறியைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து இறால் தடவும் ஒரு அக்காவைக் காலை ஆறரைக்கே கண்டேன். கணவர் போரில் காணாமற்போனவர். நான்கு மணித்தியாலம் நின்றால் அன்றைய செலவுக்குத் தேறும் என்றார். காலில் கெளிறு குத்திய தழும்புகள் இருந்தன. நான் படம் எடுக்கவா என்று கேட்டேன். "முகம் வேண்டாம், பறியை எடுங்கோ" என்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி, முழங்காலளவு நீரில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. அதற்கும் அப்பால் நீர்க்காகங்கள், சங்குவளை நாரைகள், பெயர் தெரியாத பல சின்னப் பறவைகள். பெயர் தெரியாதது எனக்கு. ஊரில் உள்ளான் என்றும் காட்டுத்தாரா என்றும் ஆலா என்றும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்கள்.

பறவைகள் குளிருக்குப் பயந்து இங்கே வருகின்றன என்று பாடசாலையில் படித்திருப்போம். அது பாதி உண்மை. வடக்கே நிலமும் நீரும் உறைந்துபோனால் அங்கே சாப்பாடு கிடையாது, அதனால் தெற்கே வருகின்றன. ஆனால் தெற்கே வந்த பிறகு எந்தக் கரையில் இறங்குவது என்பதைத் தீர்மானிப்பது நீரின் ஆழம். ஒவ்வொரு பறவையின் காலும் அலகும் ஒவ்வொரு ஆழத்துக்கு ஏற்றவை. சின்ன உள்ளானுக்கு ஈரச் சேறு வேண்டும், அதன் அலகு ஒரு விரல் நீளம்கூட இல்லை. கருவால் மூக்கனுக்கு நீண்ட அலகும் நீண்ட காலும் இருப்பதால் சற்று ஆழமான நீரில் நின்று சேற்றுக்குள் துழாவ முடியும். பூநாரை இன்னும் ஆழத்தில் நிற்கும், தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டிச் சின்ன உயிர்களைத் தின்னும். ஊசிவால் வாத்துகளுக்கு நிரம்பிய நீர் பிடிக்கும்.

இப்போது நந்திக்கடலின் வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஆடி, ஆவணியில் வெயில் குடித்து நீர் வற்றிக் கரையெங்கும் சேறு தெரியும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் முதலில் வந்து சேரும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் அது பந்தி. நவம்பர் மழையில் சேறு மூடப்பட, அவை வேறு கரை தேடும், வாத்துகள் வரும். முகத்துவாரம் திறந்து நீர் இறங்கும்போது மறுபடி சேறு வெளிப்படும். மாசி, பங்குனியில் நெடும்பயணம் திரும்புவதற்கு முன் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய வாரங்களில் பறவைகளுக்குத் தேவைப்படுவது இந்தச் சேறுதான். ஆக, விவசாயியும் கடற்றொழிலாளியும் வாதாடும் அதே மணல் வரம்பைப் பறவையும் நம்பியிருக்கிறது. அதற்குக் கூட்டத்தில் கதிரை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பறவைகள் வரும் பாதைக்கு மத்திய ஆசிய வான்வழி என்று பெயர். ஆர்க்டிக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை சுமார் 30 நாடுகளுக்கு மேலாக அது செல்கிறது. இலங்கை அதன் தென்முனைகளில் ஒன்று, இதற்கு அப்பால் இறங்குவதற்குப் பெரிதாக நிலமில்லை. அண்மைய வருடங்களில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஹியூக்லின் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். அவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை போயின. போனது மட்டுமல்ல, அடுத்த பருவத்தில் மன்னாருக்கே திரும்பி வந்தன.

நம்முடைய பாடப்புத்தகங்கள் இவற்றை இடம்பெயர் பறவைகள் என்று எழுதுகின்றன. வன்னியில் வளர்ந்த ஒரு பிள்ளை அந்தச் சொல்லை வாசிக்கும்போது என்ன நினைக்கும் என்று பாடம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். வலசை என்றொரு நல்ல சொல் இருக்கிறது. நான் அதையே எழுதுகிறேன்.

2009 மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தை நான் கடந்தபோது எனக்குப் பதினேழு வயது. தண்ணீரைப் பார்க்க வேண்டாம் என்று அம்மா என் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். முன்னால் போனவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தத் தண்ணீரில் என்ன கிடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. மீள்குடியேறிய பிறகும் எங்கள் வீட்டில் பல வருடங்கள் நந்திக்கடல் இறால் சமைக்கவில்லை. யாரும் அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை, சந்தையில் அம்மா அந்தக் கூடையைத் தாண்டிப் போய்விடுவார். என்னோடு பேசிய பலரும் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். எனவே நந்திக்கடலை ஒரு அழகான பறவைகள் சரணாலயம் என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் எழுதும்போது அதை இங்குள்ளவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அழகு பொய் இல்லை. ஆனால் அங்கே அது மட்டும் இல்லை.

இந்த நீரோடு ஊருக்கு இருக்கும் உறவு போருக்கு மிகவும் முந்தியது. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் நந்திக்கடற்கரை என்பது ஐதிகம். பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். பொங்கலன்று வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். வடக்கின் எல்லாத் திசைகளிலிருந்தும் சனம் வந்து சேரும். அதே மாதங்களை ஒட்டித்தான் மே 18 உம் வருகிறது. முள்ளிவாய்க்காலில் கஞ்சி வார்த்துவிட்டுச் சில நாட்களிலேயே வற்றாப்பளையில் பொங்குகிறோம். கதையில் வரும் மாட்டுக்காரப் பையன்களின் மேய்ச்சல் தரை, பறவைகள் இறங்கும் உவர்ப்புல்வெளி, வேலி போட எல்லைக்கல் வைக்கும் நிலம், மூன்றும் ஒரே நிலம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பறவைகளுக்காக நிலத்தை ஒதுக்குவது வன்னிக்குப் புதிதல்ல. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சுண்டிக்குளம் 1938 இலேயே சரணாலயமாக்கப்பட்டது. கொக்கிளாய் 1951 இல். அந்தக் காலத்தில் இதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போனதாக நான் பேசிய முதியவர்கள் யாருக்கும் நினைவில்லை. சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. 2017 ஜனவரி 24 இல் நந்திக்கடலில் 4,141 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பும், தெற்கே நாயாற்றில் 4,464 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பும் இயற்கை ஒதுக்குகளாக அறிவிக்கப்பட்டன. நம் கணக்கில் நந்திக்கடல் மட்டும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல்.

அந்தத் திகதியைக் கொஞ்சம் கவனியுங்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 31 அன்று, அதே நந்திக்கடலின் கரையில் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். தங்கள் சொந்தக் காணியைக் கேட்டு. கைக்குழந்தைகளோடு ஒரு மாதம் வீதியில் கிடந்த பிறகு, மார்ச் 1 ஆம் திகதி அவர்களுடைய நிலம் விடப்பட்டது. இன்னொரு கரையில், வட்டுவாகலில், கடற்படை முகாம் அமைந்துள்ள 617 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான நில அளவீட்டை மக்கள் பல தடவை மறித்திருக்கிறார்கள். அதற்கும் முன், 2012 இல், நந்திக்கடலைப் பார்த்தபடி 'லகூன்ஸ் எட்ஜ்' என்ற பெயரில் இராணுவம் ஒரு விடுதியைத் திறந்தது. போரில் தோற்றவர்களின் நீரேரியைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். இத்தனைக்கும் நடுவில் ஒரு வர்த்தமானி வந்து, இனி இது பறவைகளுக்கான இடம் என்று சொன்னால், சனம் அதை இன்னொரு காணி பிடிப்பு என்று வாசித்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பயத்தில் ஒரு பகுதி தெளிவின்மையால் வந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இடங்களில் பல வகைகள் உண்டு. மிகக் கடுமையானது முழுமையான இயற்கை ஒதுக்கு, அங்கே ஆய்வுக்குக்கூட விசேட அனுமதி வேண்டும். தேசிய பூங்காவுக்குள் அனுமதிப்பத்திரத்தோடு வனவிலங்குகளைப் பார்க்கப் போகலாம், தொழில் செய்ய முடியாது. சரணாலயத்தில் தனியார் காணியும் அடங்கலாம், குடியிருப்பும் இருக்கலாம். நந்திக்கடலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இயற்கை ஒதுக்கு என்ற தரம் தேசிய பூங்காவுக்குக் கீழே வருகிறது. அரச நிலத்தில்தான் அது அமையும். அங்கு ஏற்கெனவே நடந்துவரும் மரபான மனித செயற்பாடுகள் தொடர்வதற்கு இடமுண்டு.

அப்படியானால் வீச்சுவலை மரபானதா? ஆம் என்றே நினைக்கிறேன். இயந்திரப் படகு? மாடு மேய்ப்பது? 1983 க்குப் பிறகு மூன்று தடவை இடம்பெயர்ந்து, உறுதிப்பத்திரத்தைப் பதுங்குகுழியில் தொலைத்துவிட்டு, இன்று அனுமதிப்பத்திரமும் இல்லாமல் தகப்பன் விதைத்த அதே வயலை விதைப்பவரின் நிலம் அரச நிலமா, அவருடைய நிலமா? கோட்டைக் கீறியவர்களின் வரைபடத்தில் அது அரச நிலமாகத்தான் இருக்கும். சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறது. நான் கேட்ட பதின்மூன்று பேரில் இருவருக்குத்தான் ஒதுக்கின் எல்லை எங்கே போகிறது என்று ஓரளவாவது சொல்லத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது இரவில் வந்து நிற்கும் ஒரு கல்.

இதை எழுதும்போது நான் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்க விரும்பவில்லை. நந்திக்கடலுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதைக் கரையில் ஒரு மணித்தியாலம் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். கைவிடப்பட்ட தங்கூசி வலைத் துண்டுகள் தில்லை மரத்தடியெல்லாம் சிக்கிக் கிடக்கின்றன. அதில் கால் பின்னிச் செத்த ஒரு கொக்கை நானே பார்த்தேன். தங்கூசி வலை சட்டப்படி தடை. ஆனாலும் கடைகளில் கிடைக்கிறது, மலிவு. கண் சிறிய வலைகளில் விரல் நகமளவு இறாலையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். செய்கிறவர்கள் நம்முடைய ஆட்கள்தான், எல்லாவற்றையும் வெளியில் இருந்து வருகிறவர்கள் தலையில் போட முடியாது. கோடையில் நீர் வற்றிச் சூடேறி, ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கும் வருடங்களில் நாற்றம் பாலம் வரை வரும். உள்ளே மண் நிரவி நீரேரி ஆழம் குறைந்துபோனதுதான் காரணம் என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். தூர்வார வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஒதுக்காக அறிவிக்கப்பட்ட இடத்தில் தூர்வாருவதற்கு இப்போது இன்னொரு திணைக்களத்தின் கையெழுத்தும் தேவை.

கண்டல் நடுகை பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனங்கள் பதாகையோடு வந்து கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது வடக்குக் கிழக்கு எங்கும் நடக்கிறது. நோக்கம் நல்லது. இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை 2024 இல் உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. ஆனால் சுனாமிக்குப் பிறகு நாட்டில் நடந்த 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டது. பிழையான இடத்தில், பிழையான இனத்தை நட்டதும், நட்டபின் எட்டியும் பாராததும்தான் காரணம். வெறுமையாகக் கிடக்கிறது என்று நாம் நினைக்கும் சேற்றுவெளி வெறுமையானதல்ல, உள்ளான்களின் சாப்பாட்டுத் தட்டு அதுதான். அதில் கன்றை நட்டால் கன்றும் சாகும், பறவையும் போகும். கண்ணா எங்கே முளைக்கும், எங்கே முளைக்காது என்று முதலில் அந்தக் கரையில் தொழில் செய்பவரைக் கேட்டால் காசு மிச்சம்.

தெற்கே நாயாற்றில் பருவம் வேறு மாதிரி. சோளகம் தொடங்கினால் மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் பெருக்கெடுக்கும், நம் கிழக்குக் கரை அமைதியாகும். அப்போது அங்கிருந்து கடற்றொழிலாளர்கள் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி அமைப்பது பல தலைமுறை வழக்கம். காற்றைப் பார்த்து வந்து காற்றைப் பார்த்துப் போகிறவர்கள். போருக்குப் பின் வந்தவர்களின் எண்ணிக்கையும் அவர்களுக்கு இருந்த பாதுகாப்பும் கூடியது, ஒளி பாய்ச்சி மீன்பிடிப்பது போன்ற தடைசெய்யப்பட்ட முறைகளும் சேர்ந்தன. முல்லைத்தீவுத் தொழிலாளர்கள் 2018 இல் வீதிக்கு இறங்கினார்கள். அந்த ஓகஸ்ட்டில் நாயாற்றில் தமிழ்த் தொழிலாளர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. அது நடந்த இடம், ஒன்றரை வருடத்துக்கு முன் இயற்கை ஒதுக்காக அறிவிக்கப்பட்ட நீரேரியின் வாசல். கடலில் நடக்கும் சட்டமீறலைத் தடுக்க முடியாத அரசு, நீரேரியில் மாடு மேய்ப்பவரைத் தடுக்க மட்டும் எல்லைக்கல் நடுகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வது கோபத்தில் சொல்வதுதான். ஆனால் பிழை என்று மறுக்க என்னிடம் பதில் இருக்கவில்லை.

வட்டுவாகலில் இப்போது புதிய பாலத்துக்கான வேலை நடக்கிறது. 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்தார். பழையது ஒடுங்கியது, தாழ்ந்தது, பெருமழைக்கு நீர் மேலால் பாயும். அந்த நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, பாலம் ஏன் அவசரம் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பாலம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் கீழால் எவ்வளவு நீர் எவ்வளவு தடையின்றிப் போய்வரும் என்ற கேள்வி, மேலால் எத்தனை வாகனம் போகும் என்ற கேள்வியைவிடச் சிறியதல்ல. முகத்துவாரம் பாலத்துக்குச் சற்று அப்பால்தான் இருக்கிறது. ஆனையிறவில் வீதிக்காக அணை கட்டி, நீரேரியை இரண்டாகப் பிரித்த அனுபவம் நமக்கு இருக்கிறது.

வருடாவருடம் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987 இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஒரே காலப்பகுதியில் பல நாடுகளில் நீர்நிலைகளின் கரையில் நின்று எண்ணுவார்கள். போர்க் காலத்தில் நந்திக்கடல் கரையில் தொலைநோக்கியோடு நின்றவரை யார் சும்மா விட்டிருப்பார்கள்? இன்று நிற்கலாம். ஒரு நீரேரியின் நலம் பற்றி அதிகாரிகளோடு பேசப் போகும்போது, பத்து வருடக் கணக்கு ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதே கொப்பியில் முகத்துவாரம் திறந்த திகதி, மூடிய திகதி, அந்த வருட இறால் விளைச்சல் மூன்றையும் எழுதினால் இன்னும் நல்லது. இது பெரிய நிதி வேண்டிய வேலை இல்லை. கடற்றொழிலாளர் சங்கமும் பக்கத்துப் பாடசாலையும் சேர்ந்தால் முடியும். நான் சந்தித்த ஐயாவுக்கு 1996 இலிருந்து வாய் வெட்டிய வருடங்கள், தானாக உடைந்த வருடங்கள் எல்லாம் மனப்பாடம். இடம்பெயர்ந்திருந்த வருடங்களுக்கு மட்டும் "தெரியாது, நாங்கள் இல்லை" என்றார். எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். "எழுதின கொப்பி பதினொரு வருசத்துக்கு இருந்தது. மாத்தளனில விட்டிட்டு வந்தது" என்றார்.

கடைசி நாள் பின்னேரம் அவரோடு முகத்துவாரம் வரை நடந்தேன். வாய் இன்னும் திறந்திருந்தது, ஆனால் தெற்குப் பக்கத்தில் மணல் ஒரு நாக்குப் போல நீளத் தொடங்கியிருந்தது. அதன் நுனியில் ஆலாக்கள் எல்லாம் காற்றுக்கு எதிரே முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. கடல் பக்கத்திலிருந்து கலங்கிய நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து கையில் கொஞ்சம் அள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இருக்குது" என்றார் அவர். மாசி கடைசி வரைக்கும் வாய் நின்றால் காணுமாம்.